ஐந்து டொலருக்குக் கைமாறிய போர்வை



வரலாறு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அரசர்களும் யுத்தங்களும் ஆண்டுக் கணக்குகளும்தான் ஞாபகம் வரும். பாடப்புத்தகம் அப்படித்தான் இருக்கிறது. கல்வெட்டு வெட்டுவித்தவர், கட்டளை எழுதியவர், கடிதம் அனுப்பியவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. எழுத்தே பழகக் கூடாது என்று சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றை எதில் வைத்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கான ஒரு பதில் அமெரிக்காவில் இரண்டு நூதனசாலைகளில் துணியாக இருக்கிறது. தைத்தவர் பெயர் ஹரியட் பவர்ஸ். அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறோம். எங்கள் வீட்டுப் பெண்களின் கைவேலைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறோம்.

ஹரியட் பவர்ஸ் 1837ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊருக்கு அண்மையில் பிறந்தார். கிரேக்க நாட்டு ஏதென்ஸின் பெயரை வைத்துக்கொண்ட சிறிய ஊர் அது. சுற்றிவரப் பருத்தித் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஹரியட் பிறந்ததும் அடிமையாகவே. அவர் பிறப்பதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னர், 1829இல், கறுப்பின மக்களுக்கு எழுத வாசிக்கக் கற்பிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை ஜோர்ஜியா நிறைவேற்றியிருந்தது. கற்றுக் கொடுத்தவர் கறுப்பினத்தவராக இருந்தால் கசையடியும் கிடைக்கும்.

1855இல், 18 வயதில், ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணம் முடித்தார். ஒன்பது பிள்ளைகளாவது பிறந்தார்கள் என்று தெரிகிறது. 1865இல் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபோது அவருக்கு வயது 27. அதன் பிறகு கணவனும் மனைவியும் பாடுபட்டு, 1880களில் நான்கு ஏக்கர் காணியைத் தங்கள் பெயருக்கு வாங்கினார்கள். நேற்றுவரை தாங்களே இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்களுக்கு அந்த நான்கு ஏக்கர் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்.

இனி அந்தப் போர்வையைப் பற்றி. எங்கள் ஊர்களில் பழைய சேலையையும் சாரத்தையும் அடுக்கி, பிள்ளைக்கு விரிப்புத் தைப்பார்களே, அந்த வகைதான். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் விலகாமல் இருக்க ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைப்பார்கள். குளிர் நாட்டில் எந்த ஏழை வீட்டிலும் இது இருந்தது. பெரும்பாலானவர்கள் சதுரம், முக்கோணம் என்று துண்டுகளைப் பொருத்தி அழகு பார்ப்பார்கள். ஹரியட் அதில் கதை சொன்னார். மனிதர், மிருகம், பறவை, சூரியன், நட்சத்திரம் என்று ஒவ்வோர் உருவத்தையும் துணியில் வெட்டி, ஓரத்தை மடித்து, அடித்துணியின் மேல் வைத்துத் தைத்தார். மனைப்பொருளியல் பாடத்தில் அப்ளிக் வேலை என்று பிள்ளைகள் படிப்பது இதைத்தான். சில இடங்களில் தையல் இயந்திரத்தையும் பயன்படுத்தியிருக்கிறார். இருந்தாலும் உருவங்களைக் கற்பனை செய்ததும் வெட்டியதும் அடுக்கியதும் அவருடைய கைதான்.

அவருடைய போர்வைகளில் இரண்டுதான் இன்று எங்கள் கண்ணுக்குக் கிடைக்கின்றன. முதலாவதில் 11 கட்டங்கள். அதிலுள்ள துணித்துண்டுகளை எண்ணியவர்கள் 299 என்று கணக்குச் சொல்கிறார்கள். அடித்துணி ஒரு காலத்தில் வத்தகப்பழத்தின் உட்புறம் போன்ற நிறத்தில் இருந்திருக்கிறது. இப்போது வெளிறிப்போய்விட்டது.

1886ஆம் ஆண்டு ஏதென்ஸில் ஒரு பருத்திக் கண்காட்சி நடந்தது. ஹரியட் இந்தப் போர்வையை அங்கே காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்களில் ஒருவர் ஜெனி ஸ்மித். வெள்ளையினப் பெண். ஊரிலிருந்த பெண்கள் கல்லூரி ஒன்றில் சித்திரம் கற்பித்தவர். பார்த்த உடனேயே இது சாதாரண வேலை இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. தைத்தவரைத் தேடிப்போய் விலை கேட்டார். எந்த விலைக்கும் இல்லை என்று ஹரியட் மறுத்துவிட்டார்.

நாலைந்து வருடங்கள் போயின. பருத்தி விலை விழுந்து, சிறு விவசாயிகள் கடனில் தவித்த காலம். போர்வையை விற்க வேண்டிய நிலைமை ஹரியட்டுக்கும் வந்தது. மாட்டுவண்டியில் ஸ்மித்தின் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கினார். மடியில் போர்வை. சுத்தமான மா பேக்கில் சுற்றி, அதையும் ஒரு சாக்குக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். 10 டொலர் கேட்டார். தன்னிடம் ஐந்துதான் இருக்கிறது என்றார் ஸ்மித். ஹரியட் வெளியே போய்க் கணவரோடு கதைத்துவிட்டு வந்தார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கிடைப்பதை வாங்கிக்கொள் என்றாராம் கணவர். போர்வை ஐந்து டொலருக்குக் கைமாறியது.

ஆனால் ஹரியட் காசை வாங்கிக்கொண்டு அப்படியே எழும்பிப் போகவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது என்ன என்று முதலிலிருந்து கடைசிவரை விளக்கிச் சொன்னார். ஸ்மித் அதை எழுதி வைத்தார். பிறகும் பல தடவை அந்த வீட்டுக்கு வந்து தன் போர்வையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெற்ற பிள்ளையைப் பார்க்க வருகிற மாதிரி வந்தார் என்று ஸ்மித்தின் குறிப்பிலிருந்து விளங்குகிறது. தன் வீட்டில் மிஞ்சும் துணித்துண்டுகளை எல்லாம் உனக்கு எடுத்து வைக்கிறேன் என்று ஸ்மித் வாக்களித்தபோதுதான் அவருக்கு ஓரளவு ஆறுதலாம். விற்ற துக்கத்திலும் அவருடைய மனம் அடுத்த தையலுக்கான துணியில் இருந்திருக்கிறது.

ஜெனி ஸ்மித்தைப் பற்றி நாம் என்ன நினைப்பது? பேரம் பேசி அரை விலைக்கு வாங்கினார். ஹரியட்டின் பேச்சைக் குறிப்பெடுத்தபோது, படிக்காதவர் பேச்சு என்று வாசிப்பவர் சிரிக்கும்படியான எழுத்துக்கூட்டலில் எழுதினார். இரண்டும் உண்மை. ஆனால் அவர் கேட்டு எழுதியிராவிட்டால் அந்த 11 கட்டங்களின் பொருள் இன்று யாருக்கும் தெரியாது. 1946இல் இறக்கும்வரை அந்தப் போர்வையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அநியாயமும் நன்மையும் ஒரே மனிதரின் கையால் நடக்கும் என்பதை வரலாறு படிக்கும்போது நாம் அடிக்கடி காண்கிறோம். ஒன்றுக்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை.

முதலாவது போர்வையில் இருப்பவை வேதக் கதைகள். ஆதமும் ஹவ்வாவும் சுவனச் சோலையில். காபீல் தன் சகோதரன் ஹாபீலைக் கொல்வது. யஃகூபின் கனவு. கடைசிக் கட்டங்களில் ஈஸாவைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் நம்பும் சம்பவங்கள். நபிமார்களை உருவமாக்குவது எங்கள் மார்க்கத்தில் இல்லை. சிலுவை பற்றிய நம்பிக்கையும் எங்களுடையதல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டே, ஒரு கிறிஸ்தவப் பெண் தன் ஈமானைத் தன் கைவேலையில் எப்படி வைத்தார் என்று பார்க்கிறோம்.

இரண்டாவது போர்வை 1890களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 15 கட்டங்கள். அட்லாண்டா பல்கலைக்கழக ஆசிரியர்களின் வீட்டுப் பெண்கள் 1898இல் அதை சார்ள்ஸ் கத்பேர்ட் ஹோல் என்ற போதகருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கட்டங்களின் விளக்கமும் போர்வையோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்டு வந்தது. இதிலும் வேதக் கதைகள் உண்டு. பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்த அய்யூப் தன் எதிரிகளுக்காகவும் துஆக் கேட்கும் காட்சி. கப்பலிலிருந்து தூக்கிப் போடப்பட்டு மீன் வாயில் அகப்படும் யூனுஸ். பாம்பு உருவத்தோடு மூஸா. அடிமைகளாக இருந்த மக்களுக்கு இந்தக் கதைகள் எதற்காக நெருக்கமாக இருந்தன என்று நாம் விளக்கத் தேவையில்லை. பொறுமை, இருளுக்குள்ளிருந்து வெளியேறுதல், பிர்அவ்னிடமிருந்து விடுதலை. எங்கள் பிள்ளைகள் குர்ஆன் மத்ரசாவில் கேட்டு வளரும் அதே பெயர்கள்.

ஆனால் வரலாறு படிப்பவர்களை இந்தப் போர்வையில் நிறுத்தி வைப்பது வேறு சில கட்டங்கள். அவை வேதத்தில் இல்லாதவை, நாட்டில் நடந்தவை.

ஒரு கட்டத்தில் 1780 மே 19. நண்பகலில் வானம் கறுத்து, நட்சத்திரம் தெரிந்து, மாடுகள் படுக்கப் போய், கோழிகள் கூட்டில் அடைந்த நாள். இது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் உண்மையாகவே நடந்தது. காட்டுத்தீயின் புகைதான் சூரியனை மறைத்தது என்பது பின்னைய ஆய்வாளர்களின் முடிவு. இன்னொரு கட்டத்தில் 1833 நவம்பர் 13. வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய இரவு. கியாமத் வந்துவிட்டது என்று சனங்கள் நடுங்கினார்கள். அதுவும் உண்மை. லியோனிட் எரிகல் பொழிவு என்று வானியல் நூல்கள் சொல்லும் சம்பவம் அது.

கவனிக்க வேண்டியது இதுதான். 1833இல் ஹரியட் பிறக்கவே இல்லை. 1780 அவருடைய பாட்டன் பூட்டன் காலம். ஆனாலும் திகதி பிசகாமல் போர்வையில் இருக்கிறது. அடிமைகளில் பலருக்குத் தாங்கள் பிறந்த திகதியே தெரியாது. நட்சத்திரம் விழுந்த இரவுக்கு முன்னா, பின்னா என்று வயதைக் கணக்கிட்டவர்கள் உண்டு. வாய்வழியாக வந்த அந்த நாட்காட்டியின் ஓர் ஏட்டைத்தான் ஹரியட் துணியில் தைத்திருக்கிறார்.

மூன்றாவது கட்டம் அவருடைய வாழ்நாளிலேயே நடந்தது. 1895 பெப்ரவரி 10, குளிர் வியாழன். தொழுகையில் இருந்தபடியே உறைந்துபோன பெண், வாசலருகே உறைந்த இன்னொரு பெண், மா மூட்டையோடு உறைந்த மனிதன், கோவேறு கழுதையின் மூச்சிலேயே தொங்கும் பனிக்கட்டி. அந்த மாதம் அமெரிக்காவின் தெற்கைப் பெரும் குளிர் தாக்கியது உண்மை. ஆனால் நாட்காட்டியைப் பார்த்தால் 1895 பெப்ரவரி 10 வியாழக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை. வாய்வழி வரலாறு இப்படித்தான். கிழமை பிசகும், சம்பவம் பிசகாது. பிசகு ஒன்றைக் கண்டதும் முழுவதையும் பொய் என்று தள்ளுவதும், சரிபார்க்காமல் முழுவதையும் நம்புவதும் ஒரே அளவான தவறுதான்.

இன்னொரு கட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதில் ஒரு பன்றி! பெயர் பெட்ஸ். ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜினியா வரை 500 மைல் ஓடிய சுதந்திரப் பன்றி என்பது விளக்கம். வேதக் கதைகளுக்கு நடுவே இதற்கு என்ன வேலை? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜினியா என்றால் வடக்கு நோக்கிய பயணம். அடிமைகள் தப்பி ஓடிய திசையும் வடக்குத்தான். தப்பியவர்களின் கதையை ஒரு மிருகத்தின் பெயரில் ஹரியட் மறைத்து வைத்திருக்கலாம் என்று சிலர் வாசிக்கிறார்கள். அது ஊகம்தான். ஆனாலும் ஒரு காலத்தில் வெளிப்படையாகச் சொன்னால் அடி விழும் விஷயத்தைச் சிரிப்புக்குள் வைத்துச் சொல்வது அடக்கப்பட்ட மக்கள் எல்லோரிடமும் உள்ள பழக்கம்.

இந்தத் தையல் முறை எங்கிருந்து வந்தது என்றும் ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவில் தஹோமி என்ற இராச்சியம் இருந்தது. இன்றைய பெனின் நாடு. அதன் தலைநகரான அபோமியில், அரசர்களின் வெற்றிகளைத் துணியில் வெட்டிய மிருக உருவங்களாகத் தைக்கும் கலை இருந்தது. அங்கே அதைச் செய்தவர்கள் ஆண்கள். அந்த உருவங்களையும் ஹரியட்டின் உருவங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை தெரிகிறது. நேரடிச் சான்று எதுவும் இல்லை. கப்பலில் எதையும் கொண்டுவர விடப்படாத மக்கள், கைப்பழக்கத்தை மட்டும் கொண்டுவந்திருக்கலாம்.

நீண்ட காலம் ஹரியட் பவர்ஸைப் பற்றி எழுதியவர்கள் ஒரு வசனத்தைத் தவறாமல் சேர்த்தார்கள்: எழுத வாசிக்கத் தெரியாத பெண். வேதக் கதைகளைப் போதகர் சொல்லக் கேட்டுத்தான் தைத்தார் என்று முடிவு கட்டினார்கள். 2009இல் கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு கடிதத்தின் பிரதியை வெளியிட்டார். 1896இல் ஹரியட் தன்னைப் பற்றி இன்னொரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் அது. சிறு வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் எழுத்தின் ஒலிகளைக் கேட்டுப் பழகியதையும், பிறகு தானாகவே படித்ததையும் அதில் சொல்கிறார். தான் செய்த போர்வைகளைப் பற்றியும் சொல்கிறார். நாங்கள் அறிந்த இரண்டைவிட அதிகம் அவர் தைத்திருக்கிறார்.

1829ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு இதை யோசியுங்கள். கற்பிப்பதே குற்றம் என்ற மண்ணில் ஒரு சிறுமி இரகசியமாக எழுத்துப் பழகினாள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அவளைப் படிக்காதவள் என்று எழுதியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் மூத்தம்மாமாரில் எத்தனை பேரைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று கணக்கில் எழுதினோம்? பாடசாலை வாசலை மிதிக்காத அவர்களில் பலர் அரபுத் தமிழில் சரளமாக வாசித்தார்கள். கிதாபுகளை வாசித்துப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு விளக்கம் சொன்னார்கள். கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம் வைத்ததால் அவர்கள் எழுத்தறியாதவர்கள் ஆனார்கள். அவர்களுக்குத் தெரிந்த எழுத்து எங்கள் படிவத்தில் இல்லை என்பதே உண்மை.

ஹரியட்டின் கடைசிக் காலம் இலகுவானதாக இருக்கவில்லை. 1890களில் காணியைத் துண்டு துண்டாக விற்க வேண்டி வந்தது. கணவரும் பிரிந்து போனார். அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து நிற்கிறார். உடுத்திருக்கும் ஏப்ரனிலும் வெட்டித் தைத்த உருவங்கள். 1910 ஜனவரி 1ஆம் திகதி வபாத்தானார். அவருடைய கல்லறை எங்கே என்று நெடுங்காலம் தெரியவில்லை. நூல்கள் இறந்த ஆண்டை 1911 என்றே எழுதி வந்தன. ஏதென்ஸில் கறுப்பின மக்களின் பழைய மையவாடி ஒன்றில் கல்லறைக் கல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் சரியான திகதி தெரிந்தது.

ஐந்து டொலருக்குப் போன போர்வை இன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. இரண்டாவது போர்வை பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில். 2021இல் பொஸ்டனில் நடந்த கண்காட்சியில் இரண்டும் முதல் முறையாக ஒரே இடத்தில் வைக்கப்பட்டன.

ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தக் காலத்தில் போர்வை தைத்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்தப் போர்வைகள் குளிருக்குப் போர்த்தி, கிழிந்து, கந்தலாகி முடிந்தன. ஹரியட்டின் வேலை தப்பியதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. இது என்ன, இது என்ன என்று ஒருவர் கேட்டு எழுதினார். ஒரு கடிதத்தின் பிரதி எங்கோ ஒரு பெட்டிக்குள் கிடந்தது. துணியோடு பெயரும் கதையும் சேர்ந்திருந்தன.

எங்களிடம் துணியும் குறைவு, பெயரும் குறைவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்துக்குப் பெட்டி தூக்கவும் இடமிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையோர வீடுகளின் அலுமாரிகளைக் கடல் கொண்டுபோனது. கலியாணத்துக்குத் தைத்த சட்டை, பின்னிய தொப்பி, பூப்போட்ட தலையணை உறை எல்லாம் அதோடு சரி. மிஞ்சியிருப்பது அதைச் செய்தவர்களின் ஞாபகம். அந்த மூத்தவர்களின் ஜனாஸாச் செய்தி ஒவ்வொரு கிழமையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வருகிறது.

ஆகவே பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்தத் தவணை விடுமுறையில் வீட்டிலோ அயலிலோ கைவேலை செய்த ஒரு மூத்த பெண்ணிடம் போய் உட்காருங்கள். தைத்ததாக இருக்கலாம், பாய் இழைத்ததாக இருக்கலாம், தொப்பி பின்னியதாக இருக்கலாம். இவற்றைக் கேளுங்கள்.

யாரிடம் பழகினீர்கள்? அவருடைய பெயர் என்ன, எந்த ஊர்?

துணியோ நூலோ பன்னோ எங்கே வாங்கினீர்கள்? அப்போது என்ன விலை?

விற்றீர்களா? யாருக்கு, எவ்வளவுக்கு? அந்தக் காசு எதற்குப் போனது?

இந்தப் பூவுக்கு, இந்தக் கோலத்துக்கு என்ன பெயர்?

ஆண்டு ஞாபகம் இல்லை என்றால், சூறாவளிக்கு முன்னா பின்னா, மூத்த பிள்ளை பிறந்ததற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1978ஆம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கிழக்கு மக்களுக்கு நட்சத்திரம் விழுந்த இரவு மாதிரிதான்.

அவர் சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். பாடசாலைத் தமிழுக்குத் திருத்தவும் வேண்டாம், வேடிக்கையாக்கவும் வேண்டாம். அவர் விரும்பாவிட்டால் படம் எடுக்க வேண்டாம். எழுதியதை அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் அவரே திருத்துவார். கொப்பியின் முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு மேலே, அவருடைய முழுப் பெயரை எழுதுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா என்று வேண்டாம். அவருடைய பெயர்.